எண்ணப்பட்ட ஓம்

என் மனைவி இறந்து ஒரு வருடமும் ஏழு மாதமும் கழிந்த ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு நாலு நிமிடம் இருக்கையில், அவருடைய கைபேசிக்கு நன்றி சொல்லி ஒரு குறுஞ்செய்தி வந்தது.

அந்தக் கைபேசி குசினி அலுமாரியின் இரண்டாம் தட்டில், மல்லித்தூள் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் அதை அணைக்கவில்லை. வெளிநாட்டுச் சொந்தக்காரர் சிலரிடம் அந்த எண்தான் இருக்கிறது என்பது கேட்பவர்களுக்கு நான் சொல்லும் காரணம். சனிக்கிழமைகளில் சார்ஜ் போடுவேன். எண் செத்துப்போகாமல் இருக்க மாதம் ஒருமுறை றீலோட் செய்வேன். இந்தப் பத்தொன்பது மாதத்தில் அது ஆறு தடவை சத்தமிட்டிருந்தது. நாலு பிழையான அழைப்பு. மற்ற இரண்டும் பிறந்தநாளுக்கு நிறுவனம் தானாக அனுப்பும் வாழ்த்து. இது ஏழாவது.

“அன்பான வாடிக்கையாளரே, உங்கள் குரலுக்கு நன்றி. பொது ஆலோசனைக்காக உங்கள் சம்மதம் ஆணைக்குழுவிடம் சமர்ப்பிக்கப்பட்டுள்ளது.”

பதினொரு சொல். நான் இருபத்தொன்பது வருடம் தந்தி அறையில் சொல் எண்ணியவன். எண்ணுவது மட்டும்தான் எங்களுக்கு அனுமதி. கலியாணமா சாவா, கடைக்காரரா அரசாங்கக் கச்சேரியா என்று பார்த்து முந்திப் பிந்தி அனுப்ப முடியாது. வந்த வரிசையில் போகும். அந்தப் பழக்கத்தால் எந்தச் செய்தியையும் முதலில் எண்ணிவிட்டுத்தான் வாசிப்பேன். எண்ணி முடித்து வாசித்தபோது நான்காவது சொல்லில் நின்றேன். குரலுக்கு. எந்தக் குரல்?

சம்மதம் எதற்கென்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு இணைப்புக்குப் பெயர் குடும்பப் பொதி. அதில் நிறுவனம் தெரிந்தெடுத்த சில தளங்கள், அதாவது பெரிய காணொளித் தளம், அரட்டைச் செயலி, நிறுவனத்தின் சொந்தச் செய்திப் பக்கம் ஆகியவை டேட்டா குறையாமல் தடங்கலின்றி ஓடும். மற்றவை பொதிக்கு வெளியே. வெளியே என்றால் என்ன என்பது மனைவி படுக்கையில் விழுந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

அவர் அளவெட்டியில் பிறந்தவர். அங்கே ஒருவர் தன் வீட்டு அறையில் இருந்துகொண்டு கோயில் மேளக் கச்சேரிகளை இணையத்தில் ஒலிபரப்பிக்கொண்டிருந்தார். மனைவிக்கு நாள் முழுவதும் அது தலைமாட்டில் வேண்டும். பொதி எடுத்த பிறகு அது விட்டு விட்டு வந்தது. பதினொரு செக்கன் நாதஸ்வரம், பத்தொன்பது செக்கன் ஒன்றுமில்லை. பிறகு விட்ட இடத்திலிருந்து அதே சுரம். வாசிப்பவர்கள் வாத்தியத்தை வாயில் வைத்தபடி எங்கேயோ உறைந்து நின்றுவிட்டுத் திரும்ப உயிர் பெறுவதுபோல இருக்கும். எனக்கு உடம்பு கூசும். மனைவி மட்டும் கண்ணை மூடியபடி, “உவங்கள் மூச்சு விடுறாங்களோ இல்லையோ தெரியேல்லை, பாவங்கள்” என்பார்.

நிறுவனத்துக்குப் பதினான்கு தடவை அழைத்தேன். பதினான்கு தடவையும் ஒரே பதில்: “உங்கட இணைப்பிலை பழுதில்லை ஐயா. அந்தத் தளம் பொதிக்கு வெளியிலை.”

ஒரு தளத்தை ஓடவிட்டு இன்னொன்றைத் தடக்கக் கூடாது, எல்லாத் தளத்தையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று அரசாங்கத்தின் ஆணைக்குழு பிறகு ஒரு ஒழுங்குவிதியை வரைந்தது. இணைய நடுநிலைமை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். நிறுவனத்துக்கு அது பிடிக்கவில்லை. சனங்கள் பொதியை விரும்புகிறார்கள் என்று காட்டுவதற்காக ஊர் ஊராகக் கடிதமும் குரலும் திரட்டியது. அந்தத் திரட்டலுக்குள் என் மனைவியின் சம்மதமும் போயிருக்கிறது. நாதஸ்வரத்தை வெட்டி வெட்டிக் கொடுத்த அதே பொதிக்கு, அவர் செத்த பிறகு.

மறுநாள் யாழ்ப்பாணத்தில் உள்ள நிறுவனத்தின் சேவை நிலையத்துக்குப் போனேன். கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் இருபத்தாறு நிமிடம். எனக்கு இருபத்திரண்டாம் இலக்கம். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த பிள்ளை மிகவும் மரியாதையானவள்.

“நம்பர் ஆற்றை பேரிலை ஐயா?”

“என்ரை மனிசியின்ரை பேரிலை.”

“அப்ப அம்மாதான் வரவேணும். அவவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

“அவ செத்து ஒண்டரை வருசத்துக்கு மேலை பிள்ளை.”

அவள் திரையைப் பார்த்தாள். “இதிலை அக்டிவ் எண்டு காட்டுது. போன மாசமும் குரல் பதிவு ஒண்டு குடுத்திருக்கிறா.”

“போன மாசமோ?”

“ஓம் ஐயா. திகதி இருக்குது.” திரையை என் பக்கம் திருப்பவில்லை. அவள் முகத்தில் பயம் ஒன்றுமில்லை. திரையில் உள்ளதை வாசித்தாள், அவ்வளவுதான். “சம்மதத்தைத் திரும்ப எடுக்கிறதெண்டா அவதான் கையொப்பம் வைக்கவேணும். ஏலாட்டில் ஒரு அதிகாரக் கடிதமாவது தரவேணும்.”

“செத்த ஆள் எப்பிடிப் பிள்ளை கடிதம் தாறது?”

“அதுதான் ஐயா நானும் யோசிக்கிறன்,” என்றாள். உண்மையாகவே யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “குரல் எல்லாம் ஆணைக்குழுவின்ரை பக்கத்திலை போட்டிருக்குது. ஆரும் கேக்கலாம். நம்பரின்ரை கடைசி நாலு இலக்கத்தை அடிச்சுப் பாருங்கோ,” என்றாள்.

வீட்டுக்கு வந்து கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பக்கமும் பொதிக்கு வெளியேதான். சின்ன வளையம் சுற்றிக்கொண்டே இருந்தது. பதினாறு நிமிடத்தில் ஒரு நீண்ட பட்டியல் வந்தது. பெயர்கள் இல்லை, வரிசை இலக்கம், கைபேசி எண்ணின் கடைசி நாலு இலக்கம், திகதி, ஒலியைக் கேட்க ஒரு குறி. எங்கள் நாலு இலக்கம் இருந்தது. திகதி போன மாதம்.

பகல் பதினொன்றே கால். வெளியே வெயில். மதிலில் மூன்று காகம். நான் குறியை அழுத்தினேன்.

பதிவின் நீளம் ஒன்பது செக்கன். முதலில் ஒரு பெண் குரல், வானொலி அறிவிப்பாளர்போல: “இந்தப் பொதி இதே முறையில் தொடர்ந்து வழங்கப்படுவதற்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா?” பிறகு இரண்டு செக்கன் ஒன்றுமில்லை. பிறகு என் மனைவி, “ஓம்.”

அவர்தான். நாற்பத்தொரு வருடம் கேட்ட குரலில் எனக்குச் சந்தேகம் வராது. நான் எழுந்து போய்க் குசினி அலுமாரியைத் திறந்து கைபேசியைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அது மல்லித்தூளுக்குப் பக்கத்தில் இருந்தது.

திரும்ப வந்து பதினேழு தடவை கேட்டேன். பயம் கொஞ்சம் அடங்கிய பிறகு இரண்டு விடயம் பிடிபட்டது.

முதலாவது, அந்த ஓம். எங்கள் ஊரில் தொலைபேசியில் ஓம் சொன்னால் அது சம்மதம் அல்ல. காது கொடுத்திருக்கிறேன், மேலே சொல்லு என்பதுதான் அதன் பொருள். மற்றவர் கதைக்கும்போது நாலு சொல்லுக்கு ஒரு ஓம் போடாவிட்டால், “கேக்குதோ? லைன் கட்டோ?” என்று அவர் பதறிவிடுவார். காசு கேட்டு அழைத்தவருக்கும் மனைவி ஓம் ஓம் என்று கேட்டுவிட்டு, கடைசியில் இல்லை என்பார். அந்தத் தொலைபேசி ஓம் சற்று உயரமானது, முனையில் நீளும். பதிவில் இருந்தது அது அல்ல. தாழ்ந்து, குறுகி, பாதியில் நின்ற ஓம். அந்நியருக்குச் சொல்லும் ஓம் அல்ல, வீட்டுக்குள்ளே சொல்லும் ஓம்.

இரண்டாவது, அந்த இரண்டு செக்கன். எங்கள் வீட்டில் அப்படியொரு அமைதி ஒருநாளும் இருந்ததில்லை. மின்விசிறி கிறீச்சிடும், காகம் கத்தும், களப்புக் காற்று யன்னலைத் தட்டும். பதிவில் அந்த இடத்தில் எதுவுமே இல்லை. காதில் பஞ்சை வைத்து அடைத்ததுபோல. அந்த இரண்டு செக்கனும் எங்கள் வீட்டையே யாரோ எடுத்துவிட்டு, மனைவியை மட்டும் வெறும் இடத்தில் நிறுத்தி, அவரை ஓம் சொல்ல வைத்ததுபோல இருந்தது. பட்டியலின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்புப் போட்டிருந்தார்கள்: பின்னணி இரைச்சல் நீக்கப்பட்டது.

அவருடைய ஓமை அந்தக் கணக்கிலிருந்து எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தேன். ஒழுங்குவிதி பற்றிய பொது விசாரணைக்கு மாவட்டம் மாவட்டமாக ஆணைக்குழு வந்துகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்கு வரும் நாளில் பேசப் பெயர் பதிந்தேன். ஒருவருக்கு மூன்று நிமிடம்.

பதிவில் இருப்பது மனைவியின் குரல்தான் என்று சொல்லியே முன்வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவருக்கு இது பிடிக்கவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் சனசமூக நிலையத்தின் செயலாளர், என்னிலும் ஆறு வயது குறைவு. நிலையத்துக்கு ஒரு பெரிய தொலைக்காட்சியை நிறுவனம் அன்பளிப்பாகக் கொடுத்திருந்தது. அதற்குப் பிறகு எங்கள் பகுதியின் ஆதரவுக் கடிதங்களைச் சேர்த்தவர் அவர்தான். ஒரு கட்டுக் கடிதத்தை என் மேசையில் போட்டு, “பாருங்கோ அண்ணை, சனத்தின்ரை விருப்பம்,” என்றார்.

முப்பத்துநாலு கடிதம். முப்பத்துநாலும் ஒரே வாசகம். இணையம் என்ற சொல் முப்பத்துநாலிலும் இனையம் என்று இருந்தது. காட்டினேன்.

“எங்கட சனம் பிழையிலையாவது ஒற்றுமையா இருக்குதெண்டு சந்தோசப்படுங்கோவன்,” என்றார்.

“உதை ஆர் எழுதினது?”

“எழுதினது கொம்பனி ஆக்கள். ஒப்பம் வைச்சது நாங்கள். அண்ணை, செத்த ஆளின்ரை ஒரு ஓமுக்காக ஏன் இந்த வெயிலுக்குள்ளை சைக்கிள் உழக்குறியள்? அது கிடந்தாத்தான் என்ன? அக்காவுக்கு இனி என்ன நட்டம்?”

“அவவின்ரை ஓமை அவ சொல்லேல்லை.”

“இப்பதானே அவவின்ரை குரல்தான் எண்டு சொன்னியள்?”

அவர் பிழையாக எதுவும் கேட்கவில்லை. குரல் மனைவியுடையது, ஓமும் அவருடையது, ஆனாலும் அது அவர் சொன்னதல்ல. இதைச் சொல்லக்கூடிய ஒரு வசனம் என்னிடம் இருக்கவில்லை.

விசாரணை யாழ்ப்பாணத்தில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடந்தது. நூற்றிருபது கதிரை போட்டிருந்தார்கள், எழுபத்தொன்றில் ஆட்கள். அதில் பாதிக்கு மேல் நிறுவனத்தின் பெயர் போட்ட குடையோடு வந்தவர்கள். நடு மேசையில் ஆணைக்குழுவிலிருந்து வந்த சிங்கள அம்மையார், பக்கத்தில் மலையகத்தைச் சேர்ந்த இளம் மொழிபெயர்ப்பாளர். வலது மேசையில் நிறுவனத்தின் மூன்று பேர்.

அந்த மூவரில் நடுவில் இருந்தவரை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். முந்திய வருடம் இதே மண்டபத்தில், இதே நடு மேசையில், ஆணைக்குழுவின் அதிகாரியாக இருந்து, எல்லாத் தளத்தையும் ஏன் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று எங்களுக்கு விளக்கியவர். நான் கேட்ட கேள்வியை நல்ல கேள்வி என்று பாராட்டியவர். இப்போது அதே சிரிப்போடு, அதே மெல்லிய குரலில், ஏன் அப்படி நடத்தக் கூடாது என்று விளக்கினார். தான் அப்போது சொன்ன உதாரணங்களையே சொன்னார். முடிவு மட்டும் மாறியிருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம், “உவர் போன வருசம் வேறை மேசை,” என்றேன். “ஓம், ஓம்,” என்றார் அவர், எங்கேயோ பார்த்தபடி.

ஒன்பதாவதாக என்னை அழைத்தார்கள். எழுதிக்கொண்டு போனது இருநூற்றுப் பத்துச் சொல். நாற்பதாவது சொல்லிலேயே அம்மையார் கையை உயர்த்தி மொழிபெயர்ப்பாளரிடம் ஏதோ கேட்டார்.

“ஐயா, ஓம்னா ஆமாதானே? அத ஏன் சம்மதம் இல்லைன்னு சொல்றீங்கன்னு மேடம் கேக்குறாங்க.”

“தம்பி, இஞ்சை போனிலை ஓம் எண்டா, கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு அர்த்தம்.”

“அப்ப சம்மதம்னா என்ன சொல்வீங்க?”

“அதுக்கும் ஓம்தான்.”

மண்டபம் சிரித்தது. மொழிபெயர்ப்பாளரும் சிரித்துவிட்டு, அதை எப்படிச் சிங்களத்தில் சொல்வது என்று தலையைச் சொறிந்தார். நிறுவனத்தின் சட்டத்தரணி எழுந்து, கேள்வி தெளிவாக இருக்கிறது, பதிலும் தெளிவாக இருக்கிறது என்றார்.

“பதில் தெளிவா இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்குது,” என்றேன். “இரைச்சலை எடுக்க முந்தின பதிவைப் போடுங்கோ. முழுசாய்ப் போடுங்கோ.”

சட்டத்தரணி மறுத்தார். அம்மையார் ஆணைக்குழுவின் விதிகள் அடங்கிய புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போடச் சொன்னார். அதற்கு முன் மொழிபெயர்ப்பாளர் மூலம் எனக்கு ஒன்று சொன்னார்: இந்தச் சம்மதம் செல்லாது என்று முடிவானால், பதிவு ஆணைக்குழுவிடம் இருந்தும் நிறுவனத்திடம் இருந்தும் அழிக்கப்படும், பிரதி யாருக்கும் கிடைக்காது. விதி அப்படி. தொடரலாமா?

மனைவியின் குரல் என்னிடம் வேறு எங்கும் இல்லை. கலியாண வீட்டு வீடியோ ஒன்று இருந்தது, இடப்பெயர்வில் போய்விட்டது. அம்மையாரின் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எத்தனை செக்கன் எடுத்தது என்று தெரியவில்லை. நான் எண்ணாமல் விட்ட சொற்பச் செக்கன்களில் அவையும் அடக்கம்.

“போடுங்கோ,” என்றேன்.

மண்டபத்தின் நாலு மூலை ஒலிபெருக்கியிலும் முதலில் எங்கள் வீட்டு மின்விசிறி கேட்டது. கிறீச், கிறீச். நாலு மூலையிலிருந்தும் எங்கள் காகங்கள். அந்தக் குளிரூட்டிய மண்டபத்துக்குள், ஒன்றரை வருடத்துக்கு மேல் பழையதான எங்கள் அறை வந்து இறங்கியது. பட்டியலில் இருந்த திகதி, பழைய பதிவை நிறுவனம் திரட்டலில் சேர்த்த திகதிதான். பிறகு வானொலிக் குரல் வணக்கம் சொன்னது.

“ஓம்,” என்றார் மனைவி. உயரமான, முனை நீண்ட ஓம். ஒன்று.

பொதியின் நன்மைகளை அந்தக் குரல் சொன்னது. “ஓம்.” இரண்டு.

நீங்கள் எங்களுடன் இருப்பதில் மகிழ்ச்சி என்றது. “ஓம் பிள்ளை. நீங்கள் சாப்பிட்டாச்சோ?” மூன்று.

மண்டபம் மறுபடி சிரித்தது. மெஷினிடம் சாப்பிட்டாச்சோ என்று விசாரித்த என் மனைவியை நினைத்து அம்மையார்கூடச் சிரித்தார். பிறகு, “ஓம்... ஓம்...” நாலு, ஐந்து.

அதற்குள், சற்றுத் தள்ளி, இன்னொரு குரல் கேட்கத் தொடங்கியிருந்தது. ஒரு ஆணின் குரல். வரட்டு, அலுத்த குரல். “பதினைஞ்சு... பதினாறு... பதினேழு...”

அது யாரென்று எனக்கு உடனே தெரியவில்லை. தெரிந்தபோது கதிரையின் கையைப் பிடித்தேன். நான் குளிசை எண்ணிக்கொண்டிருந்தேன். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் நோவுக்குக் கொடுத்த குளிசையைக் கிழமைக்கு ஒருமுறை கொட்டி எண்ணி, மிச்சம் சரிதானா என்று பார்ப்பேன். அதைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வானொலிக் குரல் கேட்டது: “இந்தப் பொதி இதே முறையில் தொடர்ந்து வழங்கப்படுவதற்கு நீங்கள் சம்மதிக்கிறீர்களா?”

“பதினெட்டு... நோகுதோ உமக்கு?” என்றது என் குரல்.

“ஓம்,” என்றார் மனைவி.

“பத்தொன்பது,” என்றது என் குரல். “இருபது.”

“நன்றி,” என்றது வானொலிக் குரல்.

பதிவு முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அம்மையாரின் காதோடு ஏதோ சொன்னார். அவர் பேனையைக் கீழே வைத்தார். வலது மேசையில் நடுவில் இருந்தவர் தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து மூடினார்.

மனைவி நோயோடு கிடந்த எட்டு மாதமும் நான் ஒவ்வொரு நாளும் நோகுதோ என்று கேட்டேன். இல்லை என்பார், அல்லது தலையைத் திருப்பிக்கொள்வார். பார்க்க வந்தவர்களுக்கும், கனடாவிலிருந்து அழைக்கும் மகளுக்கும், செத்தவீட்டில் கட்டிப்பிடித்து அழுதவர்களுக்கும், “ஒருநாளும் நோகுதெண்டு அவ சொல்லேல்லை,” என்று நான் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். ஒருநாள் சொல்லியிருக்கிறார். காதில் கைபேசி இருந்தபடியால், அந்த ஓம் கைபேசிக்கு என்று நான் நினைத்துவிட்டேன். நிறுவனம் தனக்கு என்று நினைத்துவிட்டது. இருவரும் ஒரே ஓமைப் பிழையான கணக்கில் போட்டிருக்கிறோம்.

“ஐயா,” மொழிபெயர்ப்பாளர் மெதுவாகக் கேட்டார். “மேடம் ஒண்ணு மட்டும் கேக்குறாங்க. அம்மா அந்த ஓம் யாருக்குச் சொன்னாங்க? கம்பெனிக்கா, உங்களுக்கா? நீங்க சொல்றதத்தான் எழுதிக்கணும்.”

நிறுவனத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அந்தப் பட்டியலில் கிடப்பார். நான் நினைத்த நேரத்தில் குறியை அழுத்தி அவரைக் கேட்கலாம். எனக்கு நோவைச் சொல்லாத மனைவி எனக்கு மிஞ்சுவார். சட்டத்தரணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு,” என்றேன். “எனக்குத்தான் சொன்னவ.”

அம்மையார் எழுதினார். அதிகம் எழுதவில்லை. எனக்குத் தரப்பட்ட மூன்று நிமிடத்தில் எவ்வளவு மிச்சம் என்று நான் பார்க்கவில்லை.

வீடு வந்து மகளுக்கு அழைத்துச் சொன்னேன். கனகாலமாக ஏமாற்றி வைத்திருந்ததுபோல வெட்கமாக இருந்தது. “எனக்குத் தெரியும் அப்பா,” என்றாள். “அம்மா எனக்குச் சொல்லுறவ.” மேலே இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. ஆனால் அழைப்பைத் துண்டிக்கவும் இல்லை. மகள் அந்தப் பக்கம் இருக்கிறாளா என்று அறிய நான் இடைக்கிடை ஓம் என்றேன். அவளும் ஓம் என்றாள்.

பதினொரு நாள் கழித்து ஆணைக்குழுவின் கடிதம் வந்தது. ஆட்சேபம் ஏற்கப்பட்டது, சம்மதம் நீக்கப்பட்டது, பதிவு அழிக்கப்பட்டது. மற்றவர்களின் பதிவுகளில் ஆட்சேபம் இருந்தால் அந்தந்த வாடிக்கையாளரே முறையிட வேண்டும். ஒழுங்குவிதி பற்றிய முடிவு பின்னர் அறிவிக்கப்படும். பொதி இப்போதும் ஓடுகிறது. முன்வீட்டுக்காரர் நிலையத்தில் பெரிய தொலைக்காட்சி பார்க்கிறார். என்னைக் கண்டால், “அக்காவின்ரை வோட்டை வெட்டிப்போட்டியள் என்ன,” என்பார். பகிடிதான். ஆனால் இப்போதெல்லாம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கடிதம் வந்த அன்று பட்டியலைத் திறந்தேன். வளையம் இருபது நிமிடம் சுற்றியது. மனைவியின் வரிசை இலக்கம் வெறுமையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒவ்வொரு படி மேலே ஏறியிருந்தார்கள். அவருடைய இலக்கத்தில் வேறு நாலு இலக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அழுத்தினேன். கேள்வி. அமைதி, மூன்று செக்கன். வயதான ஒருவர், “ஓம்.”

அதே பஞ்சு அடைத்த அமைதி. அந்த மூன்று செக்கனுக்குள்ளும் ஒரு வீடு இருந்திருக்க வேண்டும்.

அதிலிருந்து தினமும் காலையில் பத்துப் பதிவு கேட்கிறேன். நாலு இலக்கத்தையும் குரலையும் வைத்து யாரையாவது அடையாளம் தெரிந்தால், அவர் உயிரோடு இருந்தால், வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்பது எண்ணம். இதுவரை மூன்று பேரைக் கண்டுபிடித்தேன். ஒருத்தி சிரித்தாள். ஒருவர் படலையைத் திறக்கவில்லை. மற்றவர் என்னோடு கணினிக்கு முன்னால் வந்திருந்து, தன் ஓமைத் தானே நாலு தடவை கேட்டுவிட்டு, “உது நான் ஆட்டுக்குச் சொன்னது போல கிடக்குது,” என்றார். முறையிட்டுக் கையொப்பம் வைத்தார்.

ஒவ்வொரு பதிவுக்கும் நேரே அமைதியின் நீளத்தைக் கொப்பியில் எழுதுகிறேன். பெரும்பாலும் இரண்டு, மூன்று செக்கன். இன்று காலை கேட்ட ஒன்றில் பதினான்கு செக்கன். கேள்வி முடிந்து பதினான்கு செக்கன் ஒன்றுமேயில்லை. பிறகு இளம் பெண் ஒருத்தி, மிகவும் மெதுவாக, “ஓம்” என்கிறாள். உடனே இன்னொரு தடவை, “ஓம்.” அந்தப் பதினான்கு செக்கனில் அவளிடம் யார் என்ன கேட்டார்கள் என்பதை எடுத்துவிட்டார்கள். நான் காதை ஒலிபெருக்கியோடு வைத்து ஆறு தடவை கேட்டேன். நாளைக்கும் கேட்பேன். அவளுடைய குரலை எங்கேயோ கேட்ட ஞாபகம்.